டைமிங் பெல்ட்: ஆண்டுக் கணக்கும் ஆணிக் கணக்கும்

திருவேங்கடம் பக்கத்துக் கரிசல் காட்டில் கார் வைத்திருப்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள். என்ஜின் ஆயில் எப்போது மாற்றினோம் என்பதைத் தேதியோடு சொல்வார்கள். டயர் மாற்றிய கணக்கும் கையில் இருக்கும். டைமிங் பெல்ட் மாற்றியது எப்போது என்று கேட்டால்தான் பேச்சு நின்றுவிடும். "வாங்குனதுல இருந்து அதுல கையே வைக்கல அண்ணாச்சி, நல்லாத்தான ஓடுது" என்பதே பெரும்பாலும் வரும் பதில். அந்த வண்டி அவரிடம் வரும்போதே இரண்டு கை மாறியிருக்கும். மீட்டர் எண்பதாயிரம் காட்டும். ஆர்.சி. புத்தகத்தைத் திறந்தால் வயது பன்னிரண்டு, பதின்மூன்று என்று இருக்கும். இந்தக் கட்டுரை அவருக்காகவும், அவர் வண்டியைத் திறக்கப்போகும் மெக்கானிக்குக்காகவும் எழுதப்படுகிறது.

2019 நவம்பர் 22இல் தென்காசி தனி மாவட்டமானபோது அதன் எட்டு வட்டங்களில் ஒன்றாகத் திருவேங்கடமும் வந்தது. சங்கரன்கோவில், கோவில்பட்டி, ராஜபாளையம், சிவகாசி என்று நாலா பக்கமும் பெரிய ஊர்கள். எந்தப் பெரிய வேலைக்கும் இங்கிருந்து ஒரு வண்டி கிளம்பியாக வேண்டும். பிரசவத்துக்கு, கல்யாண வீட்டுக்கு, ஆடித்தபசுக்கு, குற்றாலச் சீசனுக்கு, கார்த்திகை பிறந்தால் சபரிமலைக்கு. இந்த ஓட்டத்தைத் தாங்குவது டீசல் கார்கள். அவை இங்கே குவிந்ததற்குக் காரணம் உண்டு. 2010 ஜூனில் பெட்ரோல் விலைக் கட்டுப்பாடு நீங்கியது. டீசல் விலையோ 2014 அக்டோபர் வரை அரசின் பிடியில் இருந்தது. இடைப்பட்ட நாலு ஆண்டில் நாடே டீசல் கார் வாங்கியது. பிறகு 2020 ஏப்ரல் 1இல் பி.எஸ். 6 வந்தது. மாருதி டீசலை விட்டது, ரெனோ விட்டது. ஃபோர்டு 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் தயாரிப்பையே நிறுத்துவதாக அறிவித்தது. அந்த நாலு ஆண்டில் நகரங்களில் புதிதாக ஓடிய வண்டிகள்தான் இன்று டி.என். 79 எண் வண்டிகளோடு கலந்து நம் தெருக்களில் மூன்றாம் கையாக நிற்கின்றன. பெல்ட் போட்ட அந்தக் கார்களுக்கெல்லாம் ஏறக்குறைய ஒரே காலத்தில் வயதாகிவிட்டது. இந்தக் கேள்வி இப்போது எழுவது அதனால்தான்.

பெல்ட் செய்யும் வேலை பார்வைக்கு எளியது. அடியில் கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் மேலே கேம்ஷாஃப்ட் ஒரு சுற்று சுற்ற வேண்டும். இரண்டையும் பல் வைத்த ஒரு ரப்பர் வார் இணைக்கிறது. பல வண்டிகளில் அதே வார் டீசல் பம்பையும் வாட்டர் பம்பையும் சேர்த்து இழுக்கிறது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் என்ஜின் நிமிடத்துக்கு 2,000 சுற்று சுற்றுகிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு லட்சம் கிலோமீட்டருக்குக் கிராங்க் 20 கோடி சுற்று சுற்றியிருக்கும். ஒவ்வொரு வால்வும் 10 கோடி முறை திறந்து மூடியிருக்கும். அத்தனை முறையும் பிஸ்டன் மேலே வருமுன் வால்வு விலகியாக வேண்டும்.

டீசலில் இது உயிர் போகும் விஷயமாவதற்குக் காரணம் அதன் அழுத்தம். டீசலுக்குத் தீப்பொறி கிடையாது. காற்றை ஏறக்குறைய பதினாறில் ஒரு பங்காக நசுக்கி, அந்தச் சூட்டிலேயே எரிபொருளைப் பற்றவைக்க வேண்டும். பழைய டீசல்களில் அது இருபதில் ஒரு பங்கையும் தாண்டும். அதனால் பிஸ்டன் உச்சிக்கு வரும்போது அதற்கும் சிலிண்டர் ஹெட்டுக்கும் நடுவே மீதமிருப்பது ஒரு மில்லிமீட்டர் அளவு இடம்தான். திறந்து நிற்கும் வால்வு ஒதுங்குவதற்கு அங்கே இடமில்லை. பெல்ட் அறுந்த கணத்தில் கேம்ஷாஃப்ட் நின்றுவிடும். கிராங்க் வேகத்தில் இன்னும் சில சுற்று சுற்றும். பிஸ்டன் வால்வை அடிக்கும். வால்வு வளையும், ராக்கர் உடையும், மோசமாக இருந்தால் பிஸ்டனும் போகும். சில என்ஜின்களில் ராக்கர் முதலில் முறிந்து வால்வைக் காப்பாற்றுவது உண்டு. ஆனால் அதை நம்பி வண்டி ஓட்டக் கூடாது. பெல்ட் மாற்றும் செலவைப் போலப் பல மடங்கு ஹெட் வேலைக்குப் போய்விடும்.

செயினே போட்டிருக்கலாமே என்று பலரும் கேட்கிறார்கள். கார் என்ஜினுக்குப் பல் பெல்ட் வந்தது 1960களின் தொடக்கத்தில், ஜெர்மனியின் கிளாஸ் கம்பெனிக் காரில். சத்தம் குறைவு, எடை குறைவு, எண்ணெய் தேவையில்லை, விலையும் குறைவு. 1976இல் வந்த ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் டீசல் கேம்ஷாஃப்ட்டோடு இன்ஜெக்ஷன் பம்பையும் பெல்ட்டிலேயே ஓட்டிக் காட்டியது. சின்ன டீசல் கார் உலகமே அந்த வழியில் போனது. நம் ஊரில் 1998 கடைசியில் அறிமுகமான டாடா இண்டிகா டீசலும் பெல்ட் வண்டிதான். குவாலிஸ் பெல்ட். 2005இல் வந்த இன்னோவா பெல்ட். 2016இல் வந்த கிரிஸ்டா செயின். ஒரகடத்தில் தயாரான டஸ்டரின் 1.5 லிட்டர் டீசல் பெல்ட். மறைமலைநகரில் தயாரான ஃபிகோ, ஈக்கோஸ்போர்ட் டீசல்கள் பெல்ட். போலோ, வென்டோ டீசல்களும் அப்படியே. ஸ்விஃப்ட், டிசையர், இண்டிகா விஸ்டாவின் குவாட்ராஜெட் ஆகியவற்றில் இருந்த 1,248 சி.சி. ஃபியட் என்ஜினோ செயின். அதை வைத்துக்கொண்டு "டீசல் வண்டிக்கெல்லாம் செயின்தான், ஆயுளுக்கும் மாத்த வேண்டாம்" என்று ஒரு பேச்சு பரவியிருக்கிறது. அந்தப் பேச்சைக் கேட்டு டஸ்டரை ஓட்டுகிறவர் ஏமாந்துபோவார். உங்கள் வண்டி எந்த வகை என்பதைக் கையேட்டைப் பார்த்தோ, என்ஜின் எண்ணைச் சொல்லி ஸ்பேர்ஸ் கடையில் கேட்டோ முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

எப்போது மாற்றுவது? கம்பெனிகள் 60,000 கிலோமீட்டரிலிருந்து ஒன்றரை லட்சம் வரையும் அதற்கு மேலும் சொல்கின்றன. வண்டிக்கு வண்டி, நாட்டுக்கு நாடு மாறுகிறது. எல்லாக் கையேட்டிலும் கிலோமீட்டர் கண்ணில் படும்படி இருக்கிறது. பக்கத்தில் ஆண்டுக் கணக்கு இருந்தால் அதை யாரும் படிப்பதில்லை. நம் வட்டாரத்துக்கு இரண்டாவதுதான் முதல் கணக்கு என்பது என் முடிவு. இங்கே சொந்த உபயோக வண்டி ஆண்டுக்கு ஏழாயிரம், எட்டாயிரம் கிலோமீட்டர் ஓடினால் அதிகம். பத்து ஆண்டாகியும் எண்பதாயிரத்தைத் தொட்டிருக்காது. ரப்பர் மீட்டரைப் பார்த்துக்கொண்டு காத்திருக்காது. இன்றைய பெல்ட்டுகள் எச்.என்.பி.ஆர். என்ற சூடு தாங்கும் ரப்பரும், உள்ளே கண்ணாடி இழைக் கயிறும், பல்லின் மேல் நைலான் துணியும் சேர்ந்தவை. பழைய ரப்பர் வயதானால் வெடிப்பு விட்டுச் சொல்லிவிடும். இந்த ரப்பர் அப்படிச் சொல்லாது. மேலே பளபளவென்று இருக்கும்போதே உள்ளே கயிறு நைந்து வரும். "தொட்டுப் பாத்தேன், பெல்ட்டு நல்லா இருக்கு" என்று சொல்லும் மெக்கானிக்குக்குக் கை அனுபவம் குறைவில்லை. அவர் அனுபவம் பழைய ரப்பரில் பழகியது.

சில டொயோட்டா டீசல்களில் டைமிங் பெல்ட்டுக்கென்றே டாஷ்போர்டில் ஒரு விளக்கு இருக்கிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் அது கிலோமீட்டரை மட்டும்தான் எண்ணும், ஆண்டை எண்ணாது. முன்பு வைத்திருந்தவர் பெல்ட்டை மாற்றாமல் விளக்கை மட்டும் அணைத்துவிட்டு வண்டியை விற்றிருந்தால், வாங்கியவருக்கு அது தெரியவே வழியில்லை. மீட்டரைத் திருப்பி வைத்த வண்டியிலும் இதே கதைதான். அதனால் பழைய வண்டி வாங்குகிறவருக்கு ஒரே விதி போதும். பெல்ட் மாற்றியதற்குத் தேதியும் கிலோமீட்டரும் எழுதிய பில் இல்லையென்றால், மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ள வேண்டும். வாங்கும் விலையிலேயே அந்தச் செலவைக் கழித்துப் பேசிவிடலாம்.

எங்கள் பக்கத்துப் பட்டறை ஒன்றில் ஒரு நாலு சிலிண்டர் காமன் ரெயில் டீசலுக்கு மேல் மூடி கழற்றும்போது நான் நின்றுகொண்டிருந்தேன். எந்தக் கார் என்பது இங்கே வேண்டாம். மூடியின் கீழ்ப்பக்கக் கிளிப் இரண்டு இல்லை. ஓரம் ஒரு விரல் நீளத்துக்கு வெடித்திருந்தது. உள்ளே கரிசல் தூசி, எண்ணெய் வேர்வையோடு சேர்ந்து மை போலப் படிந்திருந்தது. பெல்ட்டின் வெளிப்பக்கம் எந்தக் குறையும் சொல்ல முடியாதபடி இருந்தது. கம்பெனி எழுத்துகூடப் பாதி படிக்க முடிந்தது. பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனரைத் தளர்த்திப் பெல்ட்டை எடுத்த பிறகு மெக்கானிக் ஐட்லர் உருளையைச் சுண்டிவிட்டார். நல்ல உருளை கிரீஸின் இழுவையில் ஓரிரு சுற்றில் நின்றுவிடும். இது கரகரவென்ற சத்தத்தோடு சுற்றிக்கொண்டே இருந்தது. கிரீஸ் காய்ந்துபோயிருந்தது. "பெல்ட்டு தப்பிச்சிருக்கும் சார், இது பூட்டிக்கிட்டா பெல்ட்டையும் சேத்துத் தின்னுட்டுப் போயிருக்கும்" என்றார். பெல்ட் அறுவதில் பெரும் பங்கு பெல்ட்டுக்கு வெளியே தொடங்குகிறது என்பதை அந்த ஒரு சுண்டலில் பார்த்தேன்.

ஆகவே பெல்ட்டை மட்டும் மாற்றுவது பாதி வேலை. கிட்டாகவே வாங்க வேண்டும்: பெல்ட், டென்ஷனர், ஐட்லர். டஸ்டர், ஃபிகோ போல வாட்டர் பம்பும் அதே பெல்ட்டில் ஓடும் வண்டியென்றால் அதையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஓராண்டு கழித்து பம்ப் ஒழுகினால் கூலண்ட் புது பெல்ட்டின் மேல்தான் வடியும். அத்தனை கூலியும் மறுபடி ஆகும். இன்னோவாவில் வாட்டர் பம்ப் வெளிப் பெல்ட்டில் ஓடுகிறது என்பதால் அங்கே இந்தக் கட்டாயம் இல்லை. ஃபேன் பெல்ட் என்று நாம் சொல்லும் அந்த வெளிப் பெல்ட்டையும் அப்போதே பார்த்துவிட வேண்டும். அது பிரிந்து அதன் நூல் கிராங்க் புல்லிக்குப் பின்னால் போய் டைமிங் பெல்ட்டில் சுற்றி, நல்ல பெல்ட்டைத் தள்ளிவிட்டு என்ஜினைக் கெடுப்பது பட்டறைக்காரர்கள் அறிந்த விபத்து. கேம்ஷாஃப்ட் சீலும் கிராங்க் சீலும் எண்ணெய் விட்டிருந்தால் அவற்றையும் இப்போதே போட்டுவிடுங்கள். எண்ணெய் பட்ட பெல்ட்டுக்கு ஆயுள் கிடையாது.

இனி, டைமிங் வைப்பது. இதில்தான் நம் பட்டறைகளில் இரண்டு வழி நடக்கிறது. முதல் வழி பெயின்ட் வழி. பழைய பெல்ட்டைக் கழற்றுமுன் கேம் புல்லியிலும் கிராங்க் புல்லியிலும் பெல்ட்டிலும் வெள்ளைக் கோடு போட்டு, பழைய பெல்ட்டின் பல்லை எண்ணிப் புது பெல்ட்டில் அதே இடத்தில் கோடு வைத்து மாட்டுவது. இரண்டாவது வழி பூட்டு ஆணி வழி. பட்டறைச் சொல்லில் லாக் பின். கிராங்கை உச்சிப் புள்ளியில் நிறுத்தி பிளாக்கில் உள்ள துளை வழியாக ஒரு பின், கேம் புல்லியின் துளை வழியாக ஹெட்டுக்குள் இன்னொரு பின். சில என்ஜின்களில் டீசல் பம்ப் புல்லிக்கும் ஒன்று உண்டு. எல்லாம் அசையாமல் பூட்டப்பட்ட பிறகுதான் பெல்ட் ஏறும்.

பெயின்ட் வழியை நான் அடியோடு தள்ளவில்லை. புல்லியிலேயே குறி வார்த்திருக்கும், சாவி (உலோகக் கீ) போட்டு புல்லியை நிறுத்தியிருக்கும் பழைய என்ஜின்களில் அது பல ஆண்டு சரியாக வேலை செய்த வழி. அந்தக் கையில் பழகிய மூத்த மெக்கானிக்குகள் இன்றும் தவறுவதில்லை. ஆனால் அதற்கு இரண்டு குறை உண்டு. பழைய பெல்ட்டே ஒரு பல் தள்ளி இருந்திருந்தால், புது பெல்ட்டும் அதே தப்பை அச்சுப் பிசகாமல் வாங்கிக்கொள்ளும். இரண்டாவது குறைதான் பெரியது. புதிய காமன் ரெயில் என்ஜின்கள் சிலவற்றில் கிராங்க் புல்லியைச் சாவி நிறுத்துவதில்லை. முன்னால் உள்ள ஒற்றை போல்ட்டின் இறுக்கம்தான் நிறுத்துகிறது. அந்த போல்ட்டைத் தளர்த்தியவுடன் புல்லி கிராங்கின் மேல் நழுவலாம். அப்புறம் புல்லியில் போட்ட கோட்டுக்கும் பிஸ்டன் நிற்கும் இடத்துக்கும் சம்பந்தமில்லை. இந்த வகை என்ஜினுக்கு லாக் பின் இல்லாமல் கை வைக்கக் கூடாது. இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

ஒரு பல் என்பது எவ்வளவு? கிராங்க் புல்லியில் 20 பல் என்றால் ஒரு பல் தள்ளிப்போவது 18 டிகிரி. ஒரு மில்லிமீட்டர் இடத்தில் விளையாடும் என்ஜினுக்கு அது பெரிய தூரம். இண்டிகா போன்ற பழைய டீசலில் பெல்ட் பம்பையும் ஓட்டுவதால், பம்ப் பக்கம் ஒரு பல் தவறினாலும் டீசல் பீய்ச்சும் நேரமே மாறிவிடும். காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும், கரும்புகையோ வெண்புகையோ தள்ளும், இழுவை போய்விடும். காமன் ரெயிலில் பீய்ச்சும் நேரத்தைக் கணினி தீர்மானிக்கிறது. பம்ப் அழுத்தத்தை மட்டும் ஏற்றுகிறது. ஆனால் கணினி அதைக் கிராங்க் சென்சாரையும் கேம் சென்சாரையும் பார்த்தே தீர்மானிக்கிறது. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் வண்டி ஸ்டார்ட் ஆகாமலே நிற்கும், அல்லது என்ஜின் விளக்கு எரியும்.

வேலையை என்ஜின் ஆறிய பிறகுதான் தொடங்க வேண்டும். சூட்டில் உலோகம் விரியும். சூட்டில் வைத்த இழுவிசை ஆறியபின் தளர்ந்துபோகும். காலையில் சபரிமலை போய்த் திரும்பிய வண்டியை மதியமே கழற்றிச் சாயங்காலம் கொடு என்று மெக்கானிக்கை நெருக்காதீர்கள். என்ஜின் குறுக்காக நிற்கும் கார்களில் பெல்ட் பக்கத்து மவுண்டிங்கைக் கழற்ற வேண்டியிருக்கும். அப்போது ஆயில் சம்ப்புக்கு அடியில் மரக்கட்டை வைத்து ஜாக்கி கொடுத்தாக வேண்டும். இன்னோவாவில் என்ஜின் நெடுக்காக நிற்பதாலும், கிராங்கிலிருந்து பம்ப் வரை பற்சக்கரமே ஓடி, அங்கிருந்து கேமுக்கு மட்டும் குட்டையான பெல்ட் போவதாலும் வேலை எளிது. அதன் எண்ணெய் டென்ஷனரை மட்டும் வைஸில் மெதுவாக அமுக்கி, துளையில் ஊசி போட்டுப் பூட்டி மாட்டி, கடைசியில் ஊசியை உருவ வேண்டும். சுத்தியலால் தட்டி அமுக்கினால் உள்ளே சீல் போய்விடும்.

லாக் பின் போட்டிருக்கிறதே என்று அதன் பலத்தில் கிராங்க் போல்ட்டைத் தளர்த்துவதும் இறுக்குவதும் பெரிய தப்பு. பின் வளையும், சமயத்தில் பிளாக்கே உடையும். அது இடம் காட்டுவதற்கு மட்டும். பிடித்துக்கொள்ளத் தனிக் கருவி உண்டு. புது பெல்ட்டை உள்வெளியாகத் திருப்பவோ, மடக்கிப் பையில் திணிக்கவோ, ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி ஏற்றவோ கூடாது. கண்ணாடி இழை ஒரு மடிப்பில் ஒடிந்துவிடும். வெளியே தெரியாது, இருபதாயிரம் கிலோமீட்டர் கழித்துத் தெரியும். பெல்ட்டில் அம்புக்குறி இருந்தால் அது என்ஜின் சுற்றும் திசையில் இருக்க வேண்டும். கிராங்கில் தொடங்கி, டென்ஷனர் இல்லாத பக்கம் தொய்வே இல்லாமல் ஏற்றிக்கொண்டு வந்து, மிச்சத் தொய்வு முழுவதையும் டென்ஷனர் பக்கம் விட வேண்டும். டென்ஷனரின் முள்ளைக் குறிக்கு நேராக வைத்து, டார்க் ரெஞ்சால் கையேடு சொல்லும் அளவுக்கு இறுக்க வேண்டும். கிராங்க் போல்ட் இழுத்து நீளும் வகை என்றால் பழையதைத் திரும்பப் போடக் கூடாது.

அதன் பிறகு செய்யும் ஒரு காரியத்தை வைத்தே நான் ஒரு மெக்கானிக்கை மதிப்பிடுவேன். எல்லாப் பின்னையும் எடுத்துவிட்டு, ஸ்பானர் போட்டு, சுற்ற வேண்டிய திசையிலேயே கிராங்கைக் கையால் மெதுவாக இரண்டு முழுச் சுற்று சுற்றுவது. குளோ பிளக்கைக் கழற்றிவிட்டால் கை இலேசாகப் போகும். எங்காவது கட்டென்று தட்டினால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். ஒரு வால்வு பிஸ்டனைத் தொட்டிருக்கிறது. தட்டாமல் வந்தால் மறுபடி பின்களைப் போட்டுப் பார்க்க வேண்டும். இரண்டும் நெம்பாமல், தட்டாமல், விரலாலேயே உள்ளே போனால் டைமிங் சரி. ஒன்று போய் இன்னொன்று மயிரிழை தள்ளி நின்றாலும் திரும்பக் கழற்ற வேண்டும். டென்ஷனர் முள்ளையும் இந்தச் சுற்றுக்குப் பிறகு ஒருமுறை பார்க்க வேண்டும். கால் மணி நேர வேலை. இதைச் செய்யாமல் நேராகச் சாவியைத் திருப்புகிறவர், உங்கள் ஹெட்டைப் பணயம் வைத்துத் தன் வேலையைச் சோதித்துப் பார்க்கிறார்.

வழியில் வண்டி நின்றால் என்ன செய்வது என்பதையும் சொல்லியாக வேண்டும். புளியரை தாண்டி ஆரியங்காவு ஏற்றத்தில், சத்தமே இல்லாமல் என்ஜின் சட்டென்று செத்து, சாவியைத் திருப்பினால் செல்ஃப் மோட்டார் வழக்கத்தைவிட இலேசாக, காற்றாடி போல வேகமாகச் சுற்றினால், பெல்ட் போயிருக்க வாய்ப்பு அதிகம். வால்வு இயங்காததால் அழுத்தம் இல்லை, அதனால்தான் அந்த இலேசு. அதற்குமேல் ஒரு முறைகூடச் சாவியைத் திருப்பாதீர்கள். நாலு பேரை இறக்கித் தள்ளிக் கியர் போடுவது நம் வழக்கம். இந்த இடத்தில் அது மிச்சமிருக்கும் வால்வையும் வளைத்துவிடும். கயிறு கட்டி இழுத்து வந்தாலும் வண்டி நியூட்ரலில்தான் வர வேண்டும்.

கார்த்திகை மாலை போடுமுன், இந்த ஆண்டு உங்கள் டீசல் காரின் வயதை மீட்டரில் பார்க்காமல் ஆர்.சி.யில் பாருங்கள். பெல்ட் மாற்றினால் மெக்கானிக்கிடம் மூன்று கேளுங்கள்: கழற்றிய பழைய பெல்ட்டும் உருளைகளும் உங்கள் கைக்கு வரட்டும், புது கிட்டின் பெட்டி உங்களிடம் இருக்கட்டும், கையால் சுற்றிப் பின் போடும்போது உங்களையும் பக்கத்தில் கூப்பிடட்டும். அன்றைய தேதியையும் கிலோமீட்டரையும் டைமிங் மூடியின் மேல் பெயின்ட்டால் எழுதி வைத்துவிடுங்கள். இந்த வண்டியை உங்களுக்குப் பிறகு வாங்கப்போகிறவருக்கும் அது தெரிய வேண்டும்.